இஞ்சின் கேட்காத பின்னேரம்

எங்கள் கரையில் பங்குச் சுவாமி தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீடு மந்திரிக்க வருவார், புதுப் படகுக்குத் தீர்த்தம் தெளிக்க வருவார், நல்ல நண்டு பட்ட நாளில் சாப்பிடவும் வருவார். ஆனால் பின்சீற்றில் கோயில் மூப்பர் மெழுகுதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாரென்றால் கதை வேறு. அன்றைக்கு யாருக்கோ எண்ணெய் பூசப் போகிறார்கள். எண்ணெய் பூசினால் ஆள் தப்பாது. எங்கள் பிள்ளைகள் வேதபாட வகுப்புக்குப் போகுமுன்பே தெரிந்துவைத்திருக்கிற பாடம் இது.

சுவாமிமார் இதை மறுத்துச் சொல்லிச் சொல்லியே களைத்துப்போனார்கள். முந்தி அதற்கு அவஸ்தைப் பூசுதல் என்று பெயர், சாகக் கிடக்கிறவருக்குத்தான் கொடுத்தார்கள். இப்போது நோயில் பூசுதல் என்கிறார்கள். வருத்தக்காரர் எழும்பி நடமாட வேண்டுமென்று செபித்துப் பூசுவதாம். சரி, பெயர் மாறிவிட்டது. பயம் மாறுமா? என் அப்பாவின் நெற்றியில் எண்ணெய் வைத்து, தலைமாட்டில் ஏற்றிய திரி பாதி எரியுமுன் அவர் போய்விட்டார். கண்ணால் கண்டவனுக்குப் பிரசங்கம் செய்து என்ன பலன்?

அப்படிப்பட்ட என் வீட்டு வாசற் படலையில்தான் ஒரு நாள் அந்த மோட்டார் சைக்கிள், பின்சீற்றில் மூப்பரோடு, வந்து நின்றது.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும். ஒரு விடியற்காலை கடலில் வலை இழுத்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல இருந்தது. வாய்வு என்றுதான் நினைத்தேன். படகில் என்னோடு வந்தவன் என் அக்காவின் மகன். எனக்கு மருமகன் முறை, தொழிலிலும் பங்காளி. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வலையை அப்படியே அறுத்துக் கடலில் விட்டுவிட்டு இஞ்சினை முழு வேகத்தில் விட்டான். "புது வலையடா!" என்று நான் கத்தினேனாம். எனக்கு அது நினைவில்லை. ஆனால் கத்தியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் தப்பவைத்தார்கள். ஆனால் இருதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைபட்டிருக்கின்றன, நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னார். செய்யாவிட்டால் அடுத்த தரம் நீங்கள் கரைக்கு வந்து சேர மாட்டீர்கள் என்று, மழை வரும் என்று சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார். திகதியும் குறித்துத் தந்தார்.

நான் ஏலாது என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அதே சொல்தான். மனைவி அழுதாள், கனடாவிலிருந்து மகள் அழுதாள், மருமகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். "நெஞ்சு பிளந்தவன் பேந்து கடலுக்குப் போவானோ? வீட்டிலை குந்தியிருந்து காகம் கலைக்கவோ நான்?" என்று எல்லாரிடமும் சத்தம் போட்டேன். சத்தம் போட்டால் கேள்வி குறையும். உண்மைக் காரணத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.

என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. அவள் பாட்டுக்கு முதல் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நடக்கிற சுகமளிக்கும் வழிபாட்டுக்குப் போய்வந்தாள். ஒரு தரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் கடைசி வாங்குப் பலகையில், வாசலோரம் இருந்தேன். காற்றும் வரும், எழும்பிப் போகவும் வசதி.

எனக்கு இந்தச் செபக்கூட்டங்களில் பெரிய பிடிப்பில்லை. முன்பொரு தரம் வேறெங்கோ இருந்து வந்த ஒருவர் எங்கள் பக்கம் கொட்டகை போட்டு, மருந்துக் குளிசைகளை எறியுங்கோ, விசுவாசம் போதும் என்று தொண்டை கிழியக் கத்தியதைக் கேட்டவன் நான். எறிந்தவர்களின் கதையும் எனக்குத் தெரியும். அந்த ஆள் இன்னொரு தரம் இந்தக் கரையில் கால் வைத்திருந்தால் நானே கடலில் தள்ளியிருப்பேன். ஆனால் எங்கள் புதுச் சுவாமி அப்படியில்லை. தாடி சரியாக முளைக்காத பெடியன். மெல்லிய குரல். "குளிசையையும் போடுங்கோ, செபத்தையும் சொல்லுங்கோ, ரண்டும் ஒரே ஆண்டவரிட்டை இருந்துதான் வருது" என்றார். ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஒன்றும் பேசாமல் நின்றார். கோயிலுக்குள் சைவக்காரரும் இருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் திருநீற்றுக் குறியோடேயே முழங்காலில் நின்றாள். அவள் தலையில் அவர் வைத்த கை கொஞ்ச நேரம் எடுபடவேயில்லை.

கடைசியில் சுவாமி எண்ணெய்ச் சிமிழைக் கையில் எடுத்தார். "வருத்தக்காரர் எல்லாரும் முன் வாங்குக்கு வாங்கோ, எண்ணெய் பூசுவம்" என்றார். அவ்வளவுதான்! கோயில் முழுக்கத் தலை குனிந்தது. அதுவரை இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள். கால் வீங்கி நடக்க ஏலாமல் பிள்ளைகள் தாங்கிக் கொண்டுவந்த ஒரு மனுசி "எனக்கு இப்ப நல்ல சுகம்" என்று பக்கத்திலிருந்தவளுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. சுவாமி சிமிழைத் திறந்தபடி வெறும் வாங்கின் முன்னால் நின்றார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துச் சாக ஏலுமா?

ஒப்பரேசன் திகதி நெருங்கிக்கொண்டு வந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவன், எழும்பிப் பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை. மேசையில் வெள்ளைத் துணி. துணியில் சிலுவையோடு பாடுபட்ட சுருவம், அதற்கு இரண்டு பக்கமும் மெழுகுதிரி. அப்பாவுக்கு வைத்த அதே சுருவம்!

"இஞ்சாரும்! இது ஆருக்கு?"

மனைவி குசினி வாசலில் நின்றாள். "உங்களுக்குத்தான். சுவாமியைக் கூப்பிட்டனான்."

"உமக்கென்ன விசரே? புருசனை அனுப்பிப்போட்டு என்ன செய்யப் போறீர்?"

அவள் மறுமொழி சொல்லுமுன் மோட்டார் சைக்கிள் சத்தம். படலையில் சுவாமி. பின்னால் மூப்பர். மடியில் பெட்டி. ஊர் முழுக்கப் பார்த்திருக்கும், சந்தேகமில்லை. மூப்பர் வேறு எங்கள் கரையின் நடு ஒழுங்கையால்தான் சுவாமிக்கு வழி காட்டியிருப்பார்.

சுவாமி உள்ளே வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். எண்ணெய் எடுக்கவில்லை. தேத்தண்ணி கேட்டார். எனக்கும் ஒன்று வந்தது.

"அண்ணை, உங்களைச் சாகிறதுக்கு ஆயத்தப்படுத்த நான் வரேல்லை. ஒப்பரேசனுக்கு ஆயத்தப்படுத்தத்தான் வந்தனான்."

"நான் போறன் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்களுக்குப் பயம் எண்டு குசினிக்கை நிக்கிற அக்காதான் சொன்னவ."

எனக்கு வந்ததே கோபம்! "பயமோ? எனக்கோ? சுவாமி, வாடைக்காத்திலை ஒத்தை ஆளாய் வள்ளம் கொண்டுவந்து சேர்த்தவன் நான். நேவிக்காரன்ர வெளிச்சத்துக்குள்ளாலை தொழில் செய்தவன் நான். இந்தக் கரையிலை வந்து கேட்டுப் பாருங்கோ!"

சுவாமி தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். "எனக்கெண்டால் பண்ணைப் பாலத்திலை மோட்டார் சைக்கிள் ஓடவே பயம் அண்ணை. ரண்டு பக்கமும் தண்ணி. நேரை பாத்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லிச் சொல்லித்தான் வாறனான்."

நான் சிரித்துவிட்டேன். முழங்கால் அளவு தண்ணீருக்குப் பயந்த மனிதன்! சிரித்த வாய் மூடுமுன், இத்தனை நாளும் மனைவிக்குக்கூடச் சொல்லாதது வெளியே வந்துவிட்டது.

"ஓம் சுவாமி. பயம்தான். இருதயத்தை நிப்பாட்டி வைச்சுப்போட்டுத்தான் வேலை செய்வினமாம். முடிஞ்சாப் பிறகு திரும்ப ஓடவைப்பினமாம். நடுக்கடலிலை நிண்ட இஞ்சினோடை நான் எத்தினை தரம் மல்லுக்கட்டினனான். இழுக்க இழுக்க வராது. எனக்குத் தெரியும் அது. நிப்பாட்டினது திரும்ப வராட்டி?"

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. சுவாமி கோப்பையை வைத்துவிட்டுக் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப்போட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்போதுதான் ஒழுங்கையில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வருகிற சத்தம் கேட்டது. புளியங்கூடலில் தோட்டம் செய்கிற என் கூட்டாளி. சைவக்காரன். சின்ன வயதிலிருந்து மீனும் புகையிலையும் மாற்றி மாற்றிப் பழகியவர்கள் நாங்கள். லான்ட்மாஸ்டரின் பெட்டி நிறையக் கதிரைகள், மேலே சுருட்டிக் கட்டிய பந்தல் படங்கு. அவன் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி, மூப்பரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"எப்ப எடுக்கினம்?"

"ஆரையடா எடுக்கிறது?" என்றேன் உள்ளேயிருந்து, தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக.

பேயைக் கண்டவன்போல நின்றான். பிறகு அந்த மனிதன் அழத் தொடங்கிவிட்டான். அழுகை என்றால் விம்மல். "உனக்கு எண்ணெய் எண்டு காலமையே கேள்விப்பட்டு, உன்ர செத்தவீட்டுக்குக் கதிரை குறையக்கூடாது எண்டு ஊரெல்லாம் அலைஞ்சு ஏத்திக்கொண்டு வாறன், நீ இருந்து தேத்தண்ணி குடிக்கிறாய்!" என்று ஏசினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவன் வாய் மூடவில்லை, படலையில் மச்சாளின் குரல். என் மனைவியின் தமக்கை. "என்ர ராசா, போட்டியோ" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தவள், என்னைக் கண்டதும் பாதி ஒப்பாரியில் நின்றுவிட்டாள். "அட, இருக்கிறீரோ!" என்றாள், ஏதோ நான் அவளை ஏமாற்றிவிட்டதுபோல. அவளுக்குப் பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கரையே வந்தது. கொண்டுவந்த கதிரைகள் வீண்போகவில்லை. முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்த பிறகும் ஒருவர்கூட எழும்பவில்லை.

"போங்கோ எல்லாரும்! எனக்கொண்டுமில்லை! நாடகமே நடக்குது இஞ்சை?" என்று கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டு போனது. எங்கள் கரையில் பின்னேர வெயில் மஞ்சளாகும்போது படகுகள் வலை விடப் போகும். மணிக்கூடு தேவையில்லை. முதலில் ஒரு இஞ்சின், பிறகு இன்னொன்று, பிறகு கரை முழுக்க ஒரே இரைச்சல். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். வருத்தம் வந்து கட்டிலில் கிடந்த நாட்களில் அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அன்றைக்கு வெயில் மஞ்சளாகி, சுவரில் ஏறி, போகிற நேரமும் ஆகிவிட்டது. சத்தமில்லை.

எங்கள் ஊரில் இஞ்சின் சத்தம் இல்லாத பின்னேரம் என்றால் ஒரே ஒரு கருத்துத்தான். செத்தவீடு விழுந்தால் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. அடக்கம் முடியும்வரை படகெல்லாம் கரையில்தான். யார் செத்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். முற்றத்தைப் பார்த்தேன். மருமகன் வாசற்படியில் இருந்தான். படகுக்காரர் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

"ஏனடா ஒருத்தரும் போகேல்லை?"

"உங்களுக்கெண்டுதான் மாமா நிப்பாட்டினது."

"நான்தான் சாகேல்லையேயடா! இப்ப எண்டாலும் போங்கோவன். இறால் படுகிற நேரம்!"

"நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோயிலில் பார்த்ததுபோலவே.

ஐயோ, அந்த நேரத்தை எப்படி எழுதுவது! மனிதன் தன் செத்தவீட்டைக் காண்பதில்லை. தனக்காகக் கடல் ஒரு பின்னேரம் சும்மா கிடந்ததை அறியாமலே போகிறான். நான் அதைக் கேட்டேன். இரைச்சல் இல்லாதபடியால் வீட்டுக்குள்ளேயே அலை கேட்டது. இத்தனை வயதுவரை அந்த நேரத்தில் நான் கேட்டிராத வெறும் அலை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் சனம். எனக்காகவா இது? நான் யார் இவர்களுக்கு? வாய்க்காரன், சண்டைக்காரன், வலை சிக்கினால் குடும்பத்தையே இழுத்துத் திட்டுகிறவன்.

"சுவாமி, பூசுங்கோ" என்றேன்.

சுவாமி கழுத்தில் சால்வையைப் போட்டார். மூப்பர் திரிகளை ஏற்றினார். எண்ணெய்க்கு முன்னால் தலையில் கைவைத்துப் பேசாமல் நிற்கவேண்டும், அதுதான் முறை என்றார் சுவாமி. தான் வைத்த பிறகு, விரும்பினவர்களும் வந்து செபிக்கலாம் என்றார். முதலில் ஒருவரும் அசையவில்லை. சாவு எண்ணெய்க்குக் கிட்ட யார் வருவார்கள்? மருமகன்தான் எழும்பி வந்து என் தோளில் கைவைத்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கயிறு அறுத்த கை, மீன் செதில் காயாத கை, மண்ணெண்ணெய் மணக்கிற கை. கிட்ட வர இடமில்லாதவர்கள் முன்னால் நின்றவர்களின் முதுகில் கைவைத்தார்கள். புளியங்கூடல்காரன் கதவடியில் நின்று, "நானும் வைக்கலாமோ சுவாமி?" என்றான். "வையுங்கோ அண்ணை" என்றார். அவன் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

யாரும் கத்தவில்லை. யாரும் விழவில்லை. ஒரு சொல்லும் இல்லை. அவ்வளவு கைகளின் பாரமும் சூடும் என்மேல் இருந்தன, வெளியே அலை கேட்டது, என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. கடவுள் என் வீட்டுக்குள் நிற்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

பிறகு நெற்றியில் எண்ணெய். உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். கயிறிழுத்துக் காய்த்த கையில் எண்ணெய் ஊறாமல் அப்படியே நின்று மினுங்கியது. அவர் சொல்கிற செபத்தை நான் ஒரு சொல் விடாமல் கவனித்தேன், சாவு எங்கே வருகிறது என்று. வரவேயில்லை. இந்த மனிதனை எழுப்பிவிடும் என்றுதான் கேட்டார். அப்பாவுக்கும் இதைத்தான் கேட்டிருப்பார்கள். அழுகையில் எங்களுக்குக் கேட்கவில்லை.

முடிந்ததும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மச்சாள் திரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திரி எரிந்து முடிந்தது. நான் இருந்தேன். "பசிக்குது" என்றேன். முற்றமே சிரித்தது. மனைவி சாப்பாடு போடும்போது, "அந்தத் திகதிக்குப் போவம்" என்று அவளுக்கு மட்டும் சொன்னேன். அவள் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் அமத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

ஒப்பரேசனுக்கு வண்டிலில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது பயம் எங்கேயும் போயிருக்கவில்லை. பொய் சொல்லமாட்டேன். பல் கிட்டியது. ஆனால் அந்தக் கைகளும் கூட வந்தன. தோளில், தலையில், பாதத்தில், ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் இருந்தன. மயக்க மருந்து ஏறும்வரை அவற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைக் குணமாக்கியது டாக்டரா எண்ணெயா என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். நெஞ்சைத் திறந்தது டாக்டர். என்னை அந்த மேசையில் போய்ப் படுக்கவைத்தது யார் என்று அவர்கள் கேட்பதில்லை.

தையல் ஆறி, வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிய நாள் புளியங்கூடல்காரன் வான் பிடித்துக்கொண்டு வந்தான். பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது எங்கள் சுவாமியை நினைத்துச் சிரித்தேன். சிரிக்கத் தையல் நொந்தது. எங்கள் கரையை நெருங்க வெயில் மஞ்சளாகிவிட்டது. கண்ணாடியை இறக்கச் சொன்னேன். இஞ்சின்கள் கேட்கவேண்டிய நேரம் அது. எவ்வளவு நாள் அதைக் கேட்காமல் கிடந்தவன்!

சத்தமில்லை.

"ஆர்?" என்றேன். கூட்டாளி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி மற்றக் கண்ணாடியால் வெளியே பார்த்தாள். "சொல்லுங்கோவன்! ஆர் செத்தது? மச்சாளோ? மூப்பரோ?" நான் இல்லாத நேரத்தில் யாரோ போய்விட்டார்கள், வருத்தக்காரனுக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வான் கரைக்குத் திரும்பியது. படகுகளெல்லாம் தண்ணீரில் வரிசையாக நின்றன. வலை ஏற்றி, ஆட்கள் ஏறி, போக ஆயத்தமாக. மச்சாள் கரையில் நின்றாள். மூப்பர் நின்றார். சுவாமி கடலிலிருந்து நல்ல தூரம் தள்ளி நின்றார். முதல் படகில் மருமகன் இஞ்சின் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"என்னடா நிக்கிறியள்? ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் மாமா. நீங்கள் வந்து சேர்ந்தாப் பிறகு போவம் எண்டு நிண்டனாங்கள்."

"விசருகளே! பொழுது படுகுது, போங்கோடா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அழுதுகொண்டுதான் கத்தினேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருமகன் கயிற்றை இழுத்தான். இஞ்சின் இருமிவிட்டு நின்றது. கரையில் ஒருவரும் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. அவன் இன்னொரு தரம் இழுத்தான். இஞ்சின் ஓடத் தொடங்கியது. பிறகு மற்றப் படகுகளும் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் எடுத்தன.